பெற்றோர் பதற்றம்

1

ஊரிலிருந்து யாராவது போனில், "அங்க என்ன வேலை பார்க்குறீக?" என்று கேட்டால் பிசியோதெரபி என்று சொல்லிவிடுவேன். அதில் பாதி பொய். காரைக்குடியில் ஆறு ஆண்டுகள் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். கனடாவில் பதினான்கு ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்டுக்கு உதவியாளனாக இருக்கிறேன். கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவேன், ஐஸ் பை எடுத்துக் கொடுப்பேன், எழுதிக் கொடுத்த பயிற்சியை நோயாளி பதினைந்து முறை செய்கிறாரா என்று எண்ணுவேன். ஒருவர் எப்படி நடக்கிறார், எப்படிக் குனிகிறார், அதில் எங்கே பிசகு, இப்படியே விட்டால் நாளைக்கு எது அடிபடும் என்று பார்த்துச் சொல்வது என் வேலையில் சேராது. அதைச் செய்யக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் தனி வரி இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

என் மகள் தேனம்மையின் இடது முழங்காலில் அறுவை முடிந்து இன்றோடு ஓராண்டு. வலது முழங்காலில் நடந்தது அதற்கு முந்தைய ஆண்டு. முதலாவதை யாராலும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது நடந்திருக்க வேண்டியதே இல்லை. இதை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை. பிள்ளைக்கு விளையாட்டில் அடிபட்டுவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

2

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம், ஒரு பாத்திரக்கடையின் பின்கட்டில் எங்கள் கிளினிக் இருந்தது. நானும் செல்வி அக்காவும் சேர்ந்து நடத்தினோம். அக்கா மதுரையில் நான் படித்த கல்லூரியிலேயே எனக்கு நாலு வருடம் முன்னால் படித்தவர். இரண்டு கட்டில், மெழுகு ஒத்தடத்துக்கு ஒரு சட்டி, வலிக்குக் கரண்ட் வைக்கிற பெட்டி ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பெட்டியும் பாதி நாள் ரிப்பேர். மழை பெய்தால் வாசலில் முட்டியளவு தண்ணீர் நிற்கும். அந்த இடத்தை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதை விட்டு வெளியேறத்தான் அத்தனை பாடுபட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவயல் ரைஸ்மில்களில் மூட்டை தூக்கும் லோடுமேன்கள் வருவார்கள். வந்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டு, இடுப்பில் கரண்ட் வைத்துவிடச் சொல்வார்கள். அக்கா விடமாட்டார். "எந்திரிச்சு அங்குட்டுப் போயிட்டு வாங்க, பாப்போம்" என்பார். தெருமுனை வரை நடக்கவிட்டு வாசலில் நின்று பார்ப்போம். கழற்றிப்போட்ட செருப்பைத் திருப்பி, அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். தலையில் ஒரு தலையணையை வைத்து, மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறுவது போல முக்காலியில் ஏறச் சொல்வோம்.

ராசு என்று ஒருவர். ஒன்றரை வருடமாக இடுப்பு வலி. எங்கெங்கோ ஊசி போட்டுப் பார்த்திருந்தார். முக்காலியில் ஏறும்போது அவருடைய வலது குதிகால் தரையில் சரியாகப் படியவில்லை. எப்போதோ கணுக்கால் பிசகி, தானாக ஆறி, இறுகிப்போயிருந்தது. அது மடங்காததால் ஒவ்வொரு மூட்டைக்கும் இடுப்பைத் திருகித் திருகி ஏறியிருக்கிறார். நாங்கள் இடுப்பைத் தொடவே இல்லை. கணுக்காலைத்தான் இரண்டு மாதம் பழக்கினோம். இடுப்பு வலி போய்விட்டது.

வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு உள்ள இடம் வேறொன்று. அதைக் கண்டுபிடிக்கக் கண்தான் வேண்டும். அந்தக் கண் எனக்கு இருந்தது.

3

கனடாவில் என் பட்டம் செல்லுமா என்று பார்க்கக் கல்லூரிப் பாடத்திட்டத்தை ஒவ்வொரு பக்கமாக முத்திரை குத்தி அனுப்பச் சொன்னார்கள். கல்லூரி எழுத்தர் முத்திரையைத் தேதியின் மேலேயே குத்திவிட்டார். தேதி தெரியவில்லை என்று கட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்து, எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறைத் தேர்வுக்கு அழைப்பு வருவதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது.

செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்திருப்பார்கள். முதல் தடவை, வந்தவர் உட்கார்ந்ததும் பழக்கத்தில் முழங்காலைப் பிடித்துவிட்டேன். தொடலாமா என்று கேட்கவில்லை. அதற்கு மதிப்பெண் போனது, அது நியாயம்தான். இரண்டாவது தடவை தொட அனுமதி கேட்டேன், பெயர் கேட்டேன், எல்லாம் கேட்டேன். ஆனால் பாதத்தைக் காட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் காலுக்கான சொல்லைச் சொல்லியிருக்கிறேன். நமக்குத் தொடையில் தொடங்கி விரல் வரைக்கும் எல்லாம் கால்தானே. அவர்களுக்குக் கால் வேறு, பாதம் வேறு. அந்த மனிதர் நான் சொன்னபடியே மொத்தக் காலையும் தூக்கினார். நான் பதறி, நிறுத்துங்கள் என்றேன். பரிசோதகர் குறித்துக்கொண்டார். எந்த உறுப்பைச் சோதிக்கிறோம் என்பதில் தெளிவில்லை என்று முடிவுக் கடிதத்தில் வந்தது.

மூன்றாவது தடவை போகவில்லை. வேலை, குழந்தை என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மையில் பயம். இன்னொரு முறை அந்தக் கடிதத்தைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

உதவியாளனாகச் சேர்ந்த புதிதில், கூரை வேலை பார்க்கும் ஒருவருக்குத் தோளில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கோளாறு கழுத்தில் இருக்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பிசியோதெரபிஸ்டிடம் போய்க் கேட்டுவிட்டார். ஒரு வாரத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் சொன்னது சரியா தவறா என்று அதில் ஒரு சொல் இல்லை. சொன்னதுதான் குற்றம். அதற்குப் பிறகு பார்ப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

4

தேனு மூன்று வயதில் இங்கே வந்தாள். ஐந்து வயதில் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே பிள்ளைகள் எல்லாம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவள் டீச்சரைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பேச்சில் "எப்ப வாரீக?" என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்திருக்கிறது. குழந்தைகள் சிரிப்புதான், அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அடுத்த வாரம் போகமாட்டேன் என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினாள். எங்கள் பக்கம் அப்பாவைச் சொல்வது போல என்னை அப்பச்சி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. அதுவும் வீட்டுக்குள் மட்டும். வெளியே டாட். கால்பந்துக் குழுவில் அவள் பெயர் தியா.

அந்தக் குழுதான் அவளுக்கு உலகம். பதினைந்து வயதில் எதிரணிப் பெண் ஒருத்தி பக்கவாட்டில் வந்து மோதியதில் வலது முழங்காலின் நடுவில் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் லிகமென்ட் அறுந்தது. தொடைக்குப் பின்னாலிருந்து தசைநாரில் ஒரு துண்டு எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒன்பது பத்து மாதம் பயிற்சி.

இங்கே நாங்கள் இருக்கும் ஊரில் விளையாட்டுக் காயங்களுக்கு இருப்பது நான் வேலை பார்க்கும் அந்த ஒரு கிளினிக்தான். தேனுவைப் பார்த்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் எமிலி, முப்பது வயது இருக்கும், நல்ல பெண், பொறுப்பானவள். சொந்த மகளுக்கு நான் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று விதி. அதனால் தேனு வரும் நேரங்களில் நான் அடுத்த அறையில் துண்டு மடித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் நான் தேனுவிடம் ஏதாவது சொல்லப் போனால், எமிலி அப்படிச் சொல்லவில்லையே என்பாள்.

5

அறுவை முடிந்து எட்டாவது மாதம், ஜூலை விடுமுறையில் காரைக்குடி பக்கத்துக் கோட்டையூருக்குப் போனோம். என் மனைவி உமையாளின் தம்பி வீட்டுக் கல்யாணம். அந்தப் பெரிய வீட்டின் படிகளில் தேனு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது வலது காலில் நிற்க வேண்டிய நேரத்தை அவள் திருடினாள். சட்டென்று இடது காலுக்குத் தாவிவிடுவாள். நொடியில் பாதிகூட இருக்காது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், பிள்ளை நன்றாக நடக்கிறதே என்றார்கள்.

மறுநாள் டவுன்பஸ்ஸில் அவளைக் காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக் அதே பின்கட்டில்தான் இருந்தது. செல்வி அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் அவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"இங்குட்டு வா ஆத்தா" என்று அக்கா ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி ஒவ்வொரு காலாக மெதுவாக இறங்கச் சொன்னார். அப்புறம் இரண்டு காலாலும் குதிக்கச் சொன்னார். குதிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் கேட்டேன். இரண்டு பாதமும் சேர்ந்து ஒரே சத்தம் வர வேண்டும். இரண்டு சத்தம் வந்தது. இடது முதலில், வலது பிறகு.

"அந்தக் காலை இவ இன்னும் நம்பல தம்பி" என்றார். "லிகமென்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாரம் பூராம் இடது காலு வாங்குது. இப்படியே ஓடி ஆடினா போகப் போறது வலது இல்ல, இடது. இன்னொரு மூணு மாசம் பொறுக்கச் சொல்லுங்க. இறங்கிப் பழகட்டும், குதிச்சுப் பழகட்டும்."

தேனுவுக்குத் தமிழ் புரியும். வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள்: அங்கே ஒரு கருவிகூட இல்லை, அந்த அம்மா எதையும் அளக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சொல்கிறார்? நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் அதற்குள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

உமையாள் என்னிடம்தான் கோபித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பயமுறுத்திவிட்டேனாம்.

6

செப்டம்பரில் எமிலி பரிசோதனை வைத்தாள். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறாள் என்று நாடா வைத்து அளந்தாள். அறுவை செய்த கால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டால் விளையாடப் போகலாம் என்பது அந்தக் கிளினிக்கின் கணக்கு. தேனு அதற்கு மேலேயே தாண்டினாள். நான் அடுத்த அறையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டே பார்த்தேன். வலது காலில் வந்து இறங்கும்போது முழங்கால் மடங்கவே இல்லை. உடம்பை முன்னால் தள்ளி, இடுப்பால் வாங்கிக்கொண்டாள். தூரம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தூரத்தைக் கொண்டுவந்தது முழங்கால் இல்லை. கடைசியாக ஒரு பெட்டியிலிருந்து இரு காலாலும் குதித்தாள். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் கேட்காது. ஆனால் எது முதலில் தரையைத் தொட்டது என்று பார்த்தேன். இடது.

வராந்தாவில் எமிலியை நிறுத்தினேன். பார்த்ததைச் சொன்னேன். முழங்கால், இடுப்பு, இடது என்று ஒவ்வொன்றாக, என்னால் முடிந்த ஆங்கிலத்தில், உறுப்பின் பெயர் மாறிவிடக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தொட்டு, "இப்போது நீங்கள் அப்பாவாகப் பேசுகிறீர்கள். எனக்குப் புரிகிறது" என்றாள்.

அதற்குமேல் என்ன சொல்வது? இல்லை, நான் பிசியோதெரபிஸ்டாகப் பேசுகிறேன் என்றால் ஒப்பந்தத்தை மீறியவனாகிறேன். அப்பாவாகப் பேசுகிறேன் என்றால் அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

காரில் தேனுவிடம், இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றேன். அந்த மாதக் கடைசியில் ஒரு போட்டி. பல்கலைக்கழகக் குழுக்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருவார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீங்க இங்க பிசியோ இல்ல" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். எனக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

பதினெட்டு வயது ஆகாததால், போட்டிக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள், பார்க்காமல் பள்ளிக்குப் போனாள். உமையாள், "பரிசோதனை பண்ணுனவுகளே போகலாங்குறாக. உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பதிமூன்று வருடமாக யாரும் கேட்காத கண், இன்னுமா சரியாகப் பார்க்கும்?

ஆறாம் நாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். தேனு படிவத்தை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அப்பச்சி" என்று என் தோளில் சாய்ந்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

7

போட்டியில் முதல் பாதி நன்றாக ஆடினாள். ஒரு கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டக் குதித்தாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை, யாரும் மோதவில்லை. இறங்கும்போது உடம்பு முழுக்க இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. அவள் தரையைத் தொடும் முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று உமையாள் பிறகு சொன்னாள்.

ஸ்கேனில் இடது லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது. புதிதாகப் பொருத்திய வலது நன்றாக இருந்தது.

இரண்டாவது அறுவைக்காக மருத்துவமனை பழைய குறிப்புகளைக் கேட்டது. பெற்றோர் என்ற முறையில் கிளினிக் ஒரு நகலை என்னிடம் கொடுத்தது. செப்டம்பர் பரிசோதனைக்குக் கீழே தாண்டிய தூரங்கள் எல்லாம் இருந்தன. அதற்கும் கீழே ஒரு வரி: பெற்றோர் பதற்றம் தெரிவித்தார், ஆறுதல் கூறப்பட்டது. நான் வராந்தாவில் நின்று சொன்ன முழங்கால், இடுப்பு, இடது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன. காரைக்குடியில் அதை நோயாளியின் அட்டையில் நான் எழுதியிருப்பேன். இங்கே அது என்னுடைய நோயாக எழுதப்பட்டிருக்கிறது.

எமிலி மருத்துவமனைக்கு வந்தாள், அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதி அளக்கச் சொன்னதை அவள் அளந்தாள். கையெழுத்துப் போட்டவன் தெரிந்தே போட்டவன்.

அதைத்தான் தேனுவும் கேட்டாள். அறுவை முடிந்து மயக்கம் முழுதாகத் தெளியாத நேரம். தொண்டை காய்ந்துபோய், சின்ன வயதில் பேசிய தமிழில் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல? பெறகு ஏன் அப்பச்சி கையெழுத்துப் போட்டீக?"

"நீ பேசாம இருந்தது என்னால தாங்க முடியல" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

8

இந்த ஓராண்டும் பயிற்சியை நான்தான் கவனித்தேன். விதி கிளினிக்குக்குத்தான், வீட்டுக்கு இல்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் கீழ்த்தள அறையில் ஒரு மணி நேரம். படியில் ஒவ்வொரு காலாக இறங்குவது, கண்ணாடியைப் பார்த்துக் குந்துவது, பிறகு குதிப்பது. அவள் எதிர்த்துப் பேசவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வாரம் ஒருமுறை வீடியோ எடுத்துச் செல்வி அக்காவுக்கு அனுப்புவேன். இடது தோள் இறங்குது, மூச்சைப் பிடிக்குறா, இப்ப பரவாயில்ல என்று அக்கா குரல் பதிவில் பதில் போடுவார். தேனுவே அதைப் போட்டுக் கேட்பாள்.

போன வாரம் எமிலி பரிசோதனை வைத்தாள். இந்த முறை என்னையும் உள்ளே வந்து நிற்கச் சொன்னாள். தேனு தாண்டினாள், இறங்கினாள், பெட்டியிலிருந்து குதித்தாள். இரண்டு பாதமும் சேர்ந்து ஒரே சத்தம், அதுவும் மெல்லிய சத்தம். இரண்டு முழங்காலும் ஒரே அளவு, நேராக மடங்கின. நாடாவைச் சுருட்டிக்கொண்டே எமிலி என்னைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றேன். அதைக் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன்.

வெளியே வந்து காரில் ஏறியதும் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. வசந்தத்தில் ஆட்டம் தொடங்கிவிடும், கோச்சிடம் நானே பேசுகிறேன், இந்த முறை படிவத்தை முதல் நாளே கொடுத்துவிடலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தேனு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அப்பச்சி" என்றாள்.

பயமா என்று கேட்டேன். இல்லை என்றாள். வலியா என்றேன். அதுவும் இல்லை.

"முன்னாடி குதிக்குறப்ப பந்தைப் பார்ப்பேன். இப்ப என் காலைத்தான் பார்க்குறேன். நீங்க பார்க்குற மாதிரி."

வீடு வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் லேசாகப் பனி படிந்திருந்தது. வழுக்காமல், அவசரப்படாமல், இரண்டு காலுக்கும் சரிபாதிப் பாரம் கொடுத்துப் படியேறி உள்ளே போனாள். நான் காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடையில் ஒரு குறையும் இல்லை.